மாடியறையில் சேர்ந்தவை

கசுராதானி என்ற மலையூருக்குக் குப்பை வண்டி வருவதில்லை. மலையிடுக்குகளில் சிதறிக் கிடக்கும் அந்த வீடுகளில் குப்பை என்று எது மிஞ்சினாலும் அவரவரே அதைக் கழுவி, காயவைத்து, ஆற்றோர நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். பாட்டில் ஒன்றில், மூடி இன்னொன்றில், மூடிக்குக் கீழே கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வளையம் வேறொன்றில். காய்கறித் தோலும் மீன் முள்ளும் தோட்டத்து உரக்குழிக்குப் போய்விடும். எந்தப் பெட்டியிலும் சேராத மிச்சத்தை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற பையில் கட்டி, மேலே குடும்பப் பெயரை எழுதி ஓரமாக வைக்க வேண்டும். அது நகரத்துக்கு எரிக்கப் போகும்.

மேற்குச் சரிவில் குடியிருந்த ஷிகேவுக்கு இந்த ஏற்பாட்டின்மேல் என்றைக்கும் குறை இருந்ததில்லை. ஊர்க் குப்பையை எரித்துவந்த பழைய எரிகுழியை மூட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர்களில் அவள் கணவர் தோகுஜியும் ஒருவர். மரம் வெட்டிப் பழகிய உடம்பு, குரலும் அப்படித்தான். "நம்ம ஆத்துல நம்ம சாம்பலையே கரைச்சுக் குடிக்கணுமாய்யா?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்த்துப் பேச எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தன் சின்ன லாரியில் குப்பையை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வர மதியமாகிவிடும். பிரிப்பதற்குக் கொஞ்ச நேரம், அங்கே வந்தவர்களை வம்புக்கு இழுப்பதற்கு மீதி நேரம்.

யூசு எலுமிச்சை பறிக்கும் பருவத்தில் ஒருநாள் ஏணியிலிருந்து இறங்கியவர் அப்படியே மடங்கி விழுந்தார். வலப்பக்கம் போயிற்று. பேச்சு குழறிப் போயிற்று. லாரியை விற்றார்கள். ஷிகேவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை அவள் கைகள். முடக்குவாதம் வந்து விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சோயா பாட்டிலின் ஒட்டுத்தாளை உரிக்க நகம் பிடிக்காது. பல்லால் கடித்து இழுப்பாள். டோஃபு டப்பாவைக் கழுவும்போது அது கைநழுவித் தரையில் உருளும். குனிந்து எடுக்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். உள்ளேயோ தோகுஜி படுத்திருப்பார். அவரைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும்.

முதலில் கீழ்ச்சரிவு வீட்டு நோபுயோ உதவினாள். ஷிகேவைவிடப் பத்து வயது இளையவள், கணவனை இழந்தவள், வாயாடி. ஞாயிற்றுக்கிழமை தன் வண்டியில் ஷிகேவையும் பைகளையும் ஏற்றிக்கொள்வாள். மிச்சப் பைகளில் பாதிக்குமேல் டயப்பர்தான். பை வழியாக எல்லாம் தெரியும். மேலே 'இவாசே' என்று தோகுஜியின் குடும்பப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நிலையத்தில் அந்தப் பைகளை வைக்கும்போது ஷிகே தன் உடம்பால் மறைத்துக்கொண்டு வைப்பாள்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற குரமோத்தோ கெட்டவர் இல்லை. நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்காகவே திரும்பி வந்தவர். எல்லோரிடமும் தணிந்த குரலில்தான் பேசுவார். அந்தக் குரலில்தான் ஒருநாள் நாலு பேர் நிற்கும்போது ஷிகேவின் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டப்பாவுல இன்னும் பிசுக்கு இருக்கு. ஈரத்தாளும் இதோட கலந்திருக்கு. இன்னொரு தடவ அலசிக் கொண்டாந்துடுங்க. உங்களுக்குன்னு விட்டா அடுத்தவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"ஐயையோ, என் தப்புதான். மன்னிச்சுக்கோங்க" என்று குனிந்து வணங்கி ஷிகே பையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நோபுயோ முற்றத்துக்கு வந்து பைகளைத் தூக்கி வண்டியில் போட்டாள். ஒரு பையைக் கையில் ஏந்தி எடை பார்ப்பதுபோல ஆட்டினாள்.

"யக்கா, போன வாரத்தைவிட கனக்குதே! அண்ணன் ஆத்தையே குடிச்சுத் தீர்க்கிறாரு போல!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். ஷிகேவும் சிரித்தாள். உதவி செய்ய வந்தவளிடம் வேறு எப்படி இருப்பது? தோகுஜியின் அறை ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் திறந்திருந்தது.

அந்த வாரத்தோடு ஷிகே நோபுயோவின் வண்டியில் ஏறுவதை நிறுத்திக்கொண்டாள்.

"எங்க தங்கச்சி மகன் கார்ல வந்து எடுத்துட்டுப் போறான். உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றாள்.

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்ற நோபுயோ ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் வழியே போய்விட்டாள்.

தங்கை மகன் என்று யாரும் வரவில்லை. ஷிகே பைகளை மாடியறைக்கு ஏற்றத் தொடங்கினாள். முன்காலத்தில் பட்டுப்புழு வளர்த்த அறை அது. நீளமாக, ஜன்னல்கள் அடைத்து, வெறுமையாகக் கிடந்தது. முதல் பையை வைத்தபோது, கைவலி குறைந்ததும் எல்லாவற்றையும் கழுவிப் பிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கைவலி குறையவில்லை. டோஃபு டப்பா, மாத்திரை அட்டை, பால் பொட்டலம், டயப்பர் எல்லாம் ஒரே பையில் போய்ச் சேர்ந்தன. வசந்தம் முடியும்போது சுவரோரம் ஒரு வரிசை நிரம்பியிருந்தது. மழைக்காலத்தில் கதவு வரை வந்துவிட்டது.

கோடையில் நாற்றம் கீழே இறங்கிற்று. ஷிகே ஊதுவத்தி ஏற்றினாள். பூஜை மாடத்தில் மட்டும் ஏற்றுகிற வத்தியைப் படிக்கட்டில், சமையலறையில், தோகுஜியின் தலைமாட்டில் என்று எல்லா இடத்திலும் ஏற்றிவைத்தாள். கூரை இடுக்கு வழியாகக் குரங்குகள் வந்து ஒரு பையைக் கிழித்து டயப்பர்களைத் தோட்டத்தில் எறிந்துவிட்டுப் போயின. விடிந்ததும் அதைப் பார்த்தவள், யாரும் பாதையில் வருவதற்கு முன்பு முள் புதரிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வளைந்த விரல்களால் முடியாதபோது இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கி எடுத்தாள்.

ஒருநாள் தாங்க முடியாமல் பின்கட்டில் எண்ணெய்ப் பீப்பாயில் போட்டுக் கொளுத்திப் பார்த்தாள். ஈர டயப்பர் எரியவில்லை. கறுப்பாகப் புகைந்தது. அந்தப் புகை சரிவின்மேல் எழும்பி ஊருக்கே தெரியும்படி நின்றது. பயந்துபோய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் காலை, ஊரெங்கும் கம்பங்களில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் வழக்கம்போல முழங்கின. "மேற்குச் சரிவில் நேற்றுப் புகை காணப்பட்டது. வீடுகளில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம். நமது ஊரின் நற்பெயரைக் காப்போம்." பெயர் சொல்லவில்லை. மேற்குச் சரிவில் ஆள் குடியிருக்கும் வீடு அவளுடையதையும் சேர்த்து மூன்றுதான்.

அன்று யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. யாரோ வாசலில் இரண்டு முள்ளங்கியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எதற்கு வைத்தார்கள் என்று தெரியாமல் அதைத் தொடவே அவளுக்கு அச்சமாக இருந்தது.

இந்த நாட்களில் அவளுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. தோகுஜியின் டயப்பர் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் விடிவதற்குள் நனைந்து படுக்கை வரை போய்விடும். இப்போது காலையில் தொட்டால் பல நாள் காய்ந்தே இருந்தது. ஒன்று மிச்சம், மாடிக்கு ஏற்ற வேண்டியதில் ஒன்று குறைவு என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அவர் கஞ்சியைப் பாதியில் தள்ளிவிடுவதை வெயிலின் மந்தம் என்று எடுத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்ததைப் பார்த்து எண்ணெய் தடவினாள்.

ஒரு முற்பகலில், துணி உலர்த்த வெளியே போனவள் அவர் ஜன்னலுக்குக் கீழே மண் ஈரமாக இருப்பதைக் கண்டாள். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது, ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்திருந்தவரின் இடக்கை விளிம்புக்கு வந்தது. கையில் அவள் சற்றுமுன் வைத்துவிட்டு வந்த பார்லித் தேநீர்க் கோப்பை. கோப்பை சாய்ந்தது. தேநீர் சுவரோடு வழிந்து மண்ணில் இறங்கியது.

ஷிகே உள்ளே ஓடினாள்.

"என்னங்க பண்றீங்க? என்ன பண்றீங்க நீங்க?"

அவர் கோப்பையைப் போர்வைக்குள் ஒளிக்கப் பார்த்தார். கண்கள் குழிவிழுந்து கிடந்தன. நெற்றி கொதித்தது.

"எத்தன நாளா இப்படி? சொல்லுங்க!"

"குடிச்சா… ரொம்பும்…" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டு சொல் வரவில்லை. "பை… கனக்கும்… நீ… மாடி… ஏற…"

மாடியறையைப் பற்றி அவள் அவரிடம் ஒரு சொல் சொன்னதில்லை. தலைக்கு மேலே அவள் நடக்கும் சத்தத்தையும் மூட்டையை இழுக்கும் சத்தத்தையும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார்.

"பாவி மனுஷா! நான் கேட்டேனா? குடிக்காதேன்னு நான் கேட்டேனா?" என்று அவர் மார்பில் முட்டிக்கொண்டு அழுதாள். காய்ந்த டயப்பரைத் தொட்டுத் தொட்டு நிம்மதி அடைந்த ஒவ்வொரு காலையும் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு கரண்டி தண்ணீரை அவர் வாயில் விட்டாள். அது கடைவாயோரம் வழிந்து வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த இளைஞர்கள் வாசலிலேயே ஒரு கணம் மூக்கைச் சுளித்து நின்றார்கள். பிறகு அவரைத் தூக்கிப்போனார்கள்.

நகரத்து ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு பேரன் வயதுதான் இருக்கும். "சிறுநீரகம் ரெண்டும் அடி வாங்கியிருக்கும்மா. இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். இந்த வெயில்ல தண்ணி குடுக்காம எப்படிம்மா விட்டீங்க?" என்று கேட்டார். ஷிகே குனிந்து வணங்கினாள்; இந்த ஒரு வருடத்தில் எத்தனை பேரிடம் வணங்கினாளோ அதே மாதிரி.

இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே இருந்தாள். குழாய்கள் வழியாக நீர் ஏறியது. அவர் கண் திறக்கவில்லை. மாற்றுத்துணி எடுத்து வர மூன்றாம் நாள் காலைப் பேருந்தில் ஊருக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அலமாரிப் பக்கம் போகாமல் அவள் படியேறினாள்.

மாடியறைக் கதவைத் திறந்து நின்றாள். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? யாருடைய மானத்தைக் காப்பாற்ற இவ்வளவும் செய்தாளோ அந்த ஆள் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார்.

பைகளை ஒவ்வொன்றாகப் படியில் உருட்டிவிட்டாள். தோகுஜியின் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை எடுத்தாள். விரல்கள் பிடியில் நிற்காது என்பதால் இரண்டு துண்டுகளை எடுத்து, பல்லால் முடிச்சுப் போட்டு, மணிக்கட்டுகளைப் பிடிகளோடு சேர்த்துக் கட்டினாள். கொள்ளுமட்டும் பைகளை ஏற்றியிருந்தாள். மலைப்பாதை முழுக்க இறக்கம். வண்டி அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. வளைவில் சாய்ந்து, ஒரு பை விழுந்து வெடித்தது. கட்டை அவிழ்க்க முடியாமல் அப்படியே மண்டியிட்டு, முழங்கையால் அள்ளி அள்ளி உள்ளே போட்டாள். முழங்காலில் தோல் உரிந்தது. கார் ஒன்று அவளைத் தாண்டிப் போய், சற்றுத் தள்ளி வேகம் குறைத்து, பிறகு போய்விட்டது.

அன்று நிலையத்தில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். குப்பையே இல்லாத ஊரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ அப்படி வருவார்கள். காமிராவும் கழுத்து அட்டையுமாகப் பத்துப் பதினைந்து வெளிநாட்டுக்காரர்கள் நிற்க, குரமோத்தோ பெட்டிகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்களும் சிலர் தேநீர் கொடுக்க வந்திருந்தார்கள். நோபுயோ தட்டை ஏந்தி நின்றாள்.

ஷிகே வண்டியை அவர்கள் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள். நாற்றம் பரவியது. விருந்தாளிகளில் ஒருவர் பின்வாங்கினார்.

குரமோத்தோ விரைந்து வந்து தாழ்ந்த குரலில், "அக்கா… என்னக்கா இது? வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க. இதப் பின்பக்கம் தள்ளி வச்சிடலாம், வாங்க. அப்புறமா நானே பார்த்துக்கிறேன்" என்றார்.

"பின்பக்கம் வேண்டாம்" என்றாள் ஷிகே. மூச்சு வாங்கியது. "இதுல எதையும் நான் கழுவல. பிரிக்கல. பேரு எழுதல. வீட்ல இன்னும் இருக்கு, மாடி நிறைய இருக்கு. எனக்குக் கை வராது, குரமோத்தோ. பாரு."

கட்டிய கைகளைத் தூக்க முடியாமல் வண்டியோடு சேர்த்து ஆட்டிக் காட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா…"

"யார்கிட்டச் சொல்றது? ஒலிபெருக்கிகிட்டயா?"

குரமோத்தோவின் பார்வை பிடியோடு கட்டியிருந்த அவள் மணிக்கட்டுகளுக்கு இறங்கியது.

"என் வீட்டுக்காரர் தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டாரு. பை கனக்குதுன்னு நிறுத்திட்டாரு. இப்ப சாகக் கிடக்காரு. அவரும்தான் இந்த ஊருக்காகக் கை தூக்கினாரு. அவருக்கு ஒரு பெட்டி இருக்கா இங்க? நாற்பது பெட்டி வச்சிருக்கீங்களே, கை கால் வராதவங்க எதுல போறது?"

யாரோ ஒரு விருந்தாளி மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவள் ஷிகேவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மொழிபெயர்க்கவில்லை.

அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓனிஷி எழுந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலேயே மூத்தவர்களில் ஒருவர்.

"நான் மூங்கில் தோப்புல புதைக்கிறேன்" என்றார். "கண்ணு தெரியல. பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்க வரல. தப்பாப் போட்டுட்டு நாலு பேரு முன்னாடி அசிங்கப்படறதுக்குப் புதைச்சுடலாம்னு… ரெண்டு வருஷமா."

"மாமா, நீங்களுமா!" என்றார் குரமோத்தோ.

"நான் மட்டும்னு நினைக்கிறியா? காளான் பண்ணையில வேல செய்யற அந்த வியட்நாம் புள்ளைங்களக் கேளு. நம்ம எழுத்து அதுகளுக்குப் படிக்க வருமா? கட்டில் கீழயே அடுக்கி வச்சிருக்குதுங்க. ஒருநாள் என்கிட்டதான் வந்து அழுதுச்சுங்க. நானே குருடன், நான் எங்க சொல்றது?"

நோபுயோவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து கோப்பைகள் சிதறின. பை கனக்கிறது என்று ஷிகே சொன்னபோதே அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் வந்து ஷிகேவின் மணிக்கட்டிலிருந்த முடிச்சுகளை அவிழ்த்தாள். துண்டு தோலோடு ஒட்டியிருந்தது.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்றாள் கடைசியில். "சத்தியமா விளையாட்டுக்குத்தான்."

"தெரியும்" என்றாள் ஷிகே. "நானும்தான் சிரிச்சேன்."

அன்று மாலைக்குள் மாடியறை காலியாயிற்று. குரமோத்தோ கையுறை போட்டுக்கொண்டு கடைசிப் பை வரை தானே இறக்கினார். ஆனால் எல்லாமே ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஊர்க்கூட்டம் மூன்று தடவை கூடியது. "இவங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கைவலின்னுதான் சொல்லுவாங்க" என்று ஒருவர் கத்தினார். "அப்படிச் சொல்றவன் ஒரு நாள் தோகுஜியப் புரட்டிப் பாக்கட்டும்" என்று ஓனிஷி பதிலுக்குக் கத்தினார். பெட்டிகள் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில் குரமோத்தோ கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். ஆனால் பிரிக்க முடியாதவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்கலாம், நிலையத்தில் இருப்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒத்துக்கொண்டார். டயப்பருக்கு மட்டும், உள்ளே இருப்பது தெரியாத பை; பெயர் வேண்டாம். பெட்டிகளில் படமும், தடவிப் பார்த்து அறிகிற குறியும். கேட்கிற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை வண்டி. வண்டியை நோபுயோ ஓட்டுவதாகச் சொன்னாள். மேற்குச் சரிவில் இன்னும் இரண்டு வீடுகள் வண்டி கேட்டன. அவர்களும் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இலையுதிர் காலம் முடியும் சமயத்தில் தோகுஜி வீட்டுக்கு வந்தார். சிறுநீரகம் ஒன்று ஏறக்குறையப் போய்விட்டது. முன்பு முதுகுக்குத் தலையணை வைத்தால் உட்காருவார். இப்போது அதுவும் இல்லை. ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் ஷிகே கெஞ்ச வேண்டியிருந்தது. குடித்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்ததுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரங்களில் அவளுக்கு ஊர்மேலோ நோபுயோமேலோ கோபம் வராது. காய்ந்த டயப்பரைப் பார்த்து மகிழ்ந்த தன் கைகளைத்தான் வெட்டிப்போட வேண்டும்போல இருக்கும்.

முதன்முதலில் வண்டி வந்தபோது அவளால் பையை வாசலுக்குக் கொண்டுவர முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நோபுயோதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது தோகுஜியின் அறை வாசலில் மண்டியிட்டுத் தரையில் நெற்றி படக் குனிந்தாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். அவர் திரும்பவில்லை. நோபுயோ வெறுமனே அந்த வாசலில் உட்கார்ந்து, ஷிகே கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, யார் வீட்டுக் கூரையில் குரங்கு ஏறியது, யார் யாருடன் சண்டை என்று தானாகவே பேசிவிட்டுப் போவாள். பதில் சொல்ல யாரும் இல்லாமல் அவள் பேசுவது ஷிகேவுக்கே சங்கடமாக இருக்கும். "நீ போயேன், குளிருது" என்பாள்.

முதல் பனி விழுந்த வாரம் வண்டி சரிவேறும்போது பெரிதாக உறுமி, இரண்டு முறை நின்று, மறுபடி கிளம்பி வந்து சேர்ந்தது. நோபுயோ உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தபடியே தோகுஜி ஏதோ முனகினார்.

"என்னண்ணே?"

"கிளட்ச்சு…" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொன்னுடாத… பாவி… மேட்டுல… ரெண்டாவது கியரு."

நோபுயோ சிரிக்கத் தொடங்கி, நடுவில் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். "சரிண்ணே" என்றாள். "ரெண்டாவது கியரு. சரி."

ஷிகே பையைத் தன் இரண்டு முன்கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாதையில் யாரோ போனார்கள். யார் என்று அவள் பார்க்கவில்லை. பையை வண்டியில் தானே வைத்துவிட்டு, அவருக்குப் போர்வையைச் சரிசெய்ய உள்ளே போனாள்.